எம்டன் வாத்தியாரும் 38 கேஜ் பித்தளையும்

தொழிற்பயிற்சி நிலையத்தில் என்னிடம் படித்த பையன்கள் எனக்கு வைத்த பட்டப்பெயர் எம்டன். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. பட்டறை வராந்தாவில் என் செருப்புச் சத்தம் கேட்டதும் உள்ளே ஒரு குரல், "டேய், எம்டன் வருதுடா" என்று எச்சரிக்கும். அடுத்த நொடி மரச்சுத்தியல் சத்தம் ஒரே சீராகக் கேட்க ஆரம்பிக்கும். காதில் விழாதது போல உள்ளே போவேன். உண்மையைச் சொன்னால் அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியுமோ என்னவோ. 1914 செப்டம்பர் 22ஆம் தேதி, இரவு ஒன்பதரை மணி வாக்கில், எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் மெட்ராஸ் கரைக்கு அருகே வந்து நின்றது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்து அரைமணி நேரத்துக்குள் சுமார் 130 குண்டுகளைச் சுட்டது. தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. கரையில் இருந்தவர்கள் சுதாரித்துக்கொள்வதற்குள் கப்பல் இருட்டில் மறைந்துவிட்டது. பயந்துபோன ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு பட்டணத்தை விட்டுக் கிளம்பினார்கள். உயர் நீதிமன்ற மதிலில் இதற்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது. அன்றிலிருந்து தமிழில் யாராவது கில்லாடியாக இருந்தால், கறாராக இருந்தால், கண்டாலே பயம் வந்தால், "அவன் பெரிய எம்டன்" என்பது வழக்கமாகிவிட்டது.

என் மகன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். போன தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது ஒரு நீளமான அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். "அப்பா, உங்க கப்பல்" என்று சிரித்தான். ரெவெல் கம்பெனியின் எம்டன், 1/350 அளவு, பிளாஸ்டிக்கில் ஒட்டிச் செய்வது. பட்டப்பெயர் வீடு வரை வந்திருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நிஜக் கப்பல் 118 மீட்டர் நீளம். மாதிரி ஒரு அடிக்குச் சற்று மேல், 34 சென்டிமீட்டர் வரும். கூடவே ஒரு சிறிய உறை. உள்ளே ஒரு போஸ்ட் கார்டை விடச் சிறிய பித்தளைத் தகடு. கப்பலின் கைப்பிடிக் கம்பிகள், ஏணிகள், படிக்கட்டுகள் எல்லாம் அந்த ஒரே தகட்டில் ஒட்டிக்கொண்டு இருந்தன.

தகட்டை விரலால் நிமிண்டிப் பார்த்தேன். பழைய பழக்கம், உடனே கேஜ் கணக்குப் போட்டேன். 38 கேஜ் இருக்கும், அதாவது 0.15 மில்லிமீட்டர். நான் முப்பது வருடம் பையன்களுக்கு மடிக்கக் கற்றுக்கொடுத்தது பெரும்பாலும் 22 கேஜ், 26 கேஜ் ஜி.ஐ. ஷீட். 22 கேஜ் என்றால் 0.7 மில்லிமீட்டர். "இதென்னடா, சிகரெட் பெட்டித் தகடு மாதிரி இருக்கு. ஒரு வாரத்துல முடிச்சிருவேன்" என்றேன். மகன் ஒன்றும் சொல்லவில்லை.

பெட்டி பீரோ மேல் போயிற்று. பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது, ரோட்டில் கிடந்த கரும்புச் சோகையில் ஸ்கூட்டர் வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. விரல் நுனிகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்கூட்டர் ஓட்ட முடியாது, தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச முடியாது. நாள் முழுவதும் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "ஏங்க, அந்தக் கப்பலையாவது எடுத்துச் செய்யுங்களேன்" என்று என் மனைவியே பெட்டியை இறக்கிக் கொடுத்தாள்.

அந்தத் தகட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இதை யாரும் கத்தரித்தோ அச்சில் அடித்தோ செய்வதில்லை. ஒளியும் அமிலமும் சேர்ந்து செய்கிற வேலை. என் வயதுக்காரர்களுக்குச் சுலபமாகச் சொல்லிவிடலாம். கல்யாணப் பத்திரிகைக்கு அச்சகத்தில் பிளாக் எடுப்பார்களே, துத்தநாகத் தகட்டில் படத்தை ஒளியால் பதித்து நைட்ரிக் அமிலத்தில் அரிக்கவிட்டு, அதே வம்சம்தான் இதுவும். பித்தளைத் தகட்டின் இரண்டு பக்கமும் ஒளி பட்டால் இறுகிக்கொள்ளும் ஒரு பூச்சைப் பூசுகிறார்கள். மேலும் கீழும் ஃபிலிம் வைத்துப் புற ஊதா ஒளி காட்டுகிறார்கள். ஒளி படாத இடத்துப் பூச்சைக் கழுவிவிட்டால் அங்கே மட்டும் உலோகம் தெரியும். பிறகு ஃபெரிக் குளோரைடு கரைசல். இரண்டு பக்கமும் திறந்திருக்கும் இடத்தில் தகடு முழுக்க அரிந்து துளையாகும். ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்தால் பாதி ஆழத்துக்குப் பள்ளம் விழும். அந்தப் பாதிப் பள்ளம்தான் மடிப்புக் கோடு. செக் நாட்டின் எட்வர்ட் போன்ற கம்பெனிகள் இந்தத் தகடுகளுக்கென்றே பேர்போனவை.

நிஜக் கப்பலில் இடுப்புயரம் இருக்கும் கைப்பிடிக் கம்பி, 350இல் ஒரு பங்காகச் சுருங்கும்போது மூன்று மில்லிமீட்டர் உயரத்துக்கு வருகிறது. அதில் குறுக்கே ஓடும் கம்பிகள் தலைமுடியை விடக் கொஞ்சம் தடிமன். பிளாஸ்டிக்கில் இவ்வளவு மெல்லிசாக வார்க்க முடியாது. அதனால்தான் பித்தளை.

முதல் நாள் ஒரு படிக்கட்டை எடுத்தேன். முழு நீளமும் ஒரு சென்டிமீட்டர் வராது. இரண்டு பக்கச் சட்டங்களையும் மேல்நோக்கி மடித்து, நடுவில் உள்ள படிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கிடைமட்டமாக்க வேண்டும். மூக்குக் குறட்டால் பிடித்து மடித்தேன். குறட்டின் வாயில் உள்ள பற்கள் பித்தளையில் அச்சாகப் பதிந்துவிட்டன. மடிப்பும் தப்பான பக்கம். பள்ளம் உள்பக்கம் வருகிற மாதிரி மடிக்க வேண்டும் என்பது முதல் விதி. நான் வெளிப்பக்கம் வரும்படி மடித்துவிட்டேன். நிமிர்த்தினேன். மறுபடி மடித்தேன். கோணம் சரியில்லை என்று இன்னொரு தடவை. சட்டம் கையோடு வந்துவிட்டது.

ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும். கரும்பலகையில் எத்தனையோ தடவை எழுதிப்போட்ட பாடம்தானே. உலோகத்தை மடிக்க மடிக்க அது இறுகும், இறுகியது உடையும். அதிலும் மடிப்புக் கோட்டில் இருப்பது பாதித் தடிமன்தான். ஒரு மடிப்பு தாங்கும், ஒருமுறை நிமிர்த்தினால் மன்னிக்கும், மூன்றாவது தடவை கிடையாது. தெரிந்திருந்தும் என் விரல்கள் 22 கேஜுக்குக் கொடுக்கிற அழுத்தத்தையே இதற்கும் கொடுத்தன.

அடுத்த படிக்கட்டு குறட்டிலிருந்து 'டிங்' என்று தெறித்துப் பறந்தது. நானும் மனைவியும் டார்ச் அடித்துக்கொண்டு அரைமணி நேரம் தரையில் தவழ்ந்தோம். மறுநாள் காலையில் விளக்குமாற்று ஈர்க்குகளுக்கு நடுவில் மின்னிக்கொண்டிருந்ததை அவள்தான் கண்டுபிடித்தாள். அதன் பிறகு நகைப் பட்டறை ஆசாரிகள் செய்வதைச் செய்தேன். பழைய வெள்ளை வேட்டியின் ஒரு ஓரத்தை மேசையில் கிளிப் போட்டு, மறு ஓரத்தை மடியில் விரித்துக்கொண்டேன். தெறிப்பது எல்லாம் வேட்டியில் விழும்.

மெல்ல மெல்ல வழி பிடிபட்டது. தகட்டிலிருந்து பாகத்தை வெட்டி எடுக்க, கீழே கெட்டியான தளம் வேண்டும். உடைந்த தரை ஓடு ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் வெட்டினேன். ரப்பர் மாதிரி மெத்தென்ற பரப்பில் கத்தியை அழுத்தினால் பாகமும் சேர்ந்து வளைந்துவிடும். வளைவு தேவைப்படும் இடத்தில் நேர்மாறாக, அந்த மெத்துத்தான் உதவுகிறது. பழைய மவுஸ் பேடின் மேல் கம்பியை வைத்து, டிரில் பிட்டின் வழுவழுப்பான தண்டை மேலே அழுத்தி உருட்டினால் அழகாக வளைந்து வரும். வளைய மறுக்கும் துண்டை ஸ்பிரிட் விளக்கில் மங்கலான சிவப்பு வரும் வரை காட்டி ஆறவிட்டால் இளகிவிடும். பித்தளைப் பாத்திரம் தட்டுகிறவர்கள் நடுநடுவே நெருப்பில் காட்டி எடுப்பது இதற்காகத்தான். ஆனால் நேராக நிற்க வேண்டிய நீளக் கைப்பிடிக்கு நெருப்புக் காட்டக் கூடாது. இளகிவிட்டால் மூச்சுக் காற்றுக்கே நெளியும்.

காணும் பொங்கலன்று எங்கள் ஊரில் ஜல்லிக்கட்டு. வாடிவாசல் பக்கமிருந்து மைக் சத்தம் விடிந்ததிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. எந்த ஊர் மாடு, யார் வீட்டு மாடு, பிடித்தால் என்ன பரிசு, அண்டாவா, சைக்கிளா, கட்டிலா என்று. ஊரே அங்கே இருக்க, நான் கையில் கட்டோடு மேசை விளக்கின் கீழ் உட்கார்ந்திருந்தேன். நீளக் கைப்பிடிக் கம்பி ஒன்றைக் கப்பலின் நீளத்துக்கு அளவாகக் கத்தரிக்க வேண்டியிருந்தது. வலது கை விரல்களுக்குக் கத்திரியை அழுத்தும் பலம் இல்லை. இடது கைக்கு மாற்றினேன்.

வெட்டுகிற இடம் தெரியவில்லை.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். விளக்கை நகர்த்தினேன். அப்படியும் தெரியவில்லை. நான் குறித்திருந்த இடத்தைக் கத்திரியின் மேல் அலகு மறைத்துக்கொண்டிருந்தது. தலையைச் சாய்த்து எட்டிப் பார்த்து வெட்டினேன். வெட்டவில்லை, கம்பி இரண்டு அலகுக்கும் நடுவில் மடங்கி மாட்டிக்கொண்டது. மறுபடி செய்தேன். மறுபடி மடங்கியது.

கத்திரியை மேசையில் வைத்துவிட்டேன். ஒரு பையனின் முகம் ஞாபகத்துக்கு வந்தது.

1990களின் நடுவில் ஒரு வருடம். கரும்பு வெட்டப் போகிற ஒருவரின் மகன், எங்கள் ஊர்ப் பக்கம்தான். இடது கைப் பழக்கம். ஷீட்டில் கோடு போடச் சொன்னால் ஊசி முனையால் அச்சடித்த மாதிரி போடுவான். வெட்டச் சொன்னால் கோட்டை விட்டு இரண்டு மில்லி விலகும், ஓரம் பிசிறும், ஷீட் கத்திரிக்குள் மடங்கும். "கோட்டைப் பார்த்து வெட்டுடா" என்பேன். "தெரியலை சார்" என்பான். கண் நன்றாக இருக்கிறவன் கோடு தெரியவில்லை என்றால் என்ன அர்த்தம்? திமிர் என்று முடிவு கட்டிவிட்டேன். வலது கையில் பிடிக்கச் சொன்னேன், அது இன்னும் மோசம். ஒருநாள் அவன் செய்த புனலை வகுப்பு முழுக்கப் பார்க்கத் தூக்கிக் காட்டிவிட்டுக் கழிவுத் தொட்டியில் எறிந்தேன். "பீச்சாங்கையால பிடிச்சா வேலை எப்படிடா வரும்?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு நாள் வந்தான். அப்புறம் வரவில்லை. ஒரு வாரம் கழித்து அவன் அப்பா வந்து துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "அவனுக்கு இந்த வேலை வராதுங்க" என்று அனுப்பிவிட்டேன்.

சாதாரணக் கத்திரி வலது கைக்காரனுக்கு என்று செய்தது. மேல் அலகு வலது பக்கம் இருக்கும். வலது கையால் பிடித்தால் வெட்டுக் கோடு இடது பக்கம் திறந்து கண்ணுக்குத் தெரியும். இடது கையால் பிடித்தால் அந்த அலகே கோட்டை மறைக்கும். அதோடு, வலது கைக் கட்டைவிரல் இயல்பாக அழுத்தும் திசை இரண்டு அலகையும் நெருக்கும். இடது கைக் கட்டைவிரலின் அழுத்தம் அவற்றைப் பிரிக்கும், நடுவில் தகடு மடங்கிக்கொள்ளும். "தெரியலை சார்" என்று அவன் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. தொழில் சொல்லிக்கொடுக்கிற நான் ஒரே ஒரு தடவை அந்தக் கத்திரியை என் இடது கையில் பிடித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை.

பெட்டிக்குள் இருந்த தாளில் எம்டனின் கதை போட்டிருந்தது. மேற்கொண்டும் தேடிப் படித்தேன். அதன் கேப்டன் கார்ல் ஃபொன் முல்லர். இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களைப் பிடித்தவர். மூழ்கடிக்கும் முன் அதிலிருந்த மாலுமிகளைப் பத்திரமாக இறக்கிவிடுவாராம். பிடிபட்டவர்களே அவரை மெச்சினார்களாம். 1914 நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவுகளுக்கு அருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற கப்பலிடம் அடிபட்டு எம்டன் கரை தட்டும் வரை அந்தப் பெயர் அவருக்கு இருந்தது. படித்துவிட்டுத் தாளை மடித்து வைத்தேன். எனக்கு அந்தப் பட்டம் பொருந்தாது என்று தோன்றியது.

அந்தப் பையன் எங்கே இருக்கிறான் என்று தேட வேண்டியதில்லை. வாடிப்பட்டி போகிற ரோட்டில் கிரில் பட்டறை வைத்திருக்கிறான். பத்துப் பதினைந்து வருடமாகத் தெரியும். என்னைப் பார்த்தால் கையை உயர்த்தி வணக்கம் சொல்வான். நான் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவேன். எங்கள் வீட்டு ஜன்னலுக்குக் கிரில் போட்டபோது, பக்கத்தில் அவன் பட்டறை இருக்க, மதுரையிலிருந்து ஆள் கூட்டிவந்தேன். காரணத்தை மனைவி கேட்டாள். "அவன் வேலை சுமார்" என்றேன். அவன் வேலையை நான் பார்த்ததே இல்லை.

கட்டுப் பிரித்த மறுவாரம் அங்கே போனேன். ஒரு சாக்கு இருந்தது. இந்த மெல்லிய தகடுகளை மடிக்க ஒரு சிறிய கருவி உண்டு. கீழே ஒரு சமதளமான பட்டை, மேலே கூரான விளிம்புள்ள இன்னொரு பட்டை, இரண்டையும் இறுக்க போல்ட். பாகத்தை இடையில் மடிப்புக் கோடு வரை செருகி இறுக்கிவிட்டு, வெளியே நீட்டும் பகுதியை பிளேடால் மேலே தூக்கினால் முழு நீளமும் ஒரே சமயத்தில் மடங்கும். வெளிநாட்டில் கடையில் கிடைக்கிறது. நம் ஊரில் பட்டறையில் செய்துகொள்ளலாம்.

"வாங்க சார், கை எப்படி இருக்கு?" என்றான். ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். டீ சொன்னான். நாற்பத்தைந்து வயதைத் தாண்டிவிட்டான், காதோரம் நரை. சுவரில் மாட்டியிருந்த கத்திரிகளில் ஒன்று பச்சைப் பிடி போட்டது. அது வலது பக்கமாக வளைத்து வெட்டுவதற்கான வகை. இடது கைக்காரர்களுக்கு அதுதான் வசதி.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. டீயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். "அன்னைக்குக் கத்திரிதான்யா தப்பு. உன் கையில தப்பில்லை. எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "எனக்கு அப்பவே தெரியும் சார். நீங்கதான் கேக்கலை" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. இந்த போல்ட் பத்து எம்.எம். என்று சொல்வது போலச் சொன்னான்.

"உங்கப்பா...?"

"தவறிட்டாரு சார். ஆறு வருசமாச்சு."

அவரிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அதற்கு இனி ஆள் இல்லை.

நான் கொண்டுபோன படத்தை வாங்கிப் பார்த்தான். படிக்கட்டுத் துண்டு ஒன்றைக் காட்டினேன். உள்ளங்கையில் வைத்து மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தான். "இதைப் போயி இந்தக் கையோடவா மடிச்சீங்க?" என்று சிரித்தான். பிறகு படத்தில் விரல் வைத்து, "மேல் பட்டைக்கு ஒரு பக்கம்தான் சாய்வு போட்டிருக்கீங்க. ரெண்டு பக்கமும் போட்டுருவோம் சார். எந்தக் கைக்கும் ஆகும்" என்றான்.

மூன்றாம் நாள் தயாராக இருந்தது. விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன், எங்கேயும் தட்டவில்லை. வெளிச்சத்துக்கு நேரே இரண்டு பட்டையையும் சேர்த்துப் பிடித்தேன், இடையில் ஒரு கீற்றுகூட ஒளி வரவில்லை. அரத்தால் இப்படி ஒரு விளிம்பு கொண்டுவருகிற மாணவனுக்கு நான் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். எவ்வளவு என்று கேட்டேன். காசு வேண்டாம் என்று சொல்லிவிடுவானோ என்று பயமாக இருந்தது. "முந்நூறு குடுங்க சார்" என்றான். கொடுத்தேன், வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

கப்பல் இன்னும் முடியவில்லை. இடது பக்கக் கைப்பிடி முழுவதும் ஒட்டியாகிவிட்டது. வலது பக்கம் பாதியில் நிற்கிறது. மூன்று புகைபோக்கிகளும் நின்றுவிட்டன. மணிக்கட்டு குளிர்ந்த காலையில் இன்னும் வலிக்கிறது, அப்போது கத்திரியை இடது கைக்கு மாற்றிக்கொள்கிறேன். அதற்கென்று இடது கைக் கத்திரி ஒன்று மகனிடம் சொல்லி வரவழைத்தேன். இரண்டு வாங்கி அனுப்பச் சொன்னேன். பட்டறையில் இப்போது வேலை பழகும் சின்னப் பையன் ஒருவன் இருக்கிறான். அன்றைக்கு அவன் எனக்கு டீ கிளாஸை நீட்டியது இடது கையால்.